எரியக் கூடாத விளக்கு

மாமா அதை முதல் நாளே சொன்னார். ஜூன் மாதத்தின் முதல் வாரம், மழை தூறிக்கொண்டிருந்த மாலை நேரம். கரையேற்றிய வள்ளத்தின் (எங்கள் மீன்பிடிப் படகின்) பின்முனையான அமரத்தில் குனிந்து, பேட்டரிப் பெட்டியிலிருந்து கேபிள்களைக் கழற்றிக்கொண்டிருந்தவர், "இந்தக் கறுப்பு வயர் சுடுகிறது மக்கா. சிவப்பு சுடவில்லை" என்றார். நான் வோல்ட்டை அளக்கும் மல்டிமீட்டரின் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 12.6 என்று காட்டியது. "பேட்டரி நன்றாக இருக்கிறது மாமா" என்று சொன்னேன். அவர் சொன்னதற்கும் நான் சொன்னதற்கும் சம்பந்தமே இல்லை என்பது பதினாறு நாட்கள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

நான் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் மின் பணியாளர் பிரிவுக்குப் பாடம் நடத்துகிறேன். மின்னோட்டம் ஓடும் வழியில் எங்கே தடை இருக்கிறதோ அங்கே சூடு பிறக்கும் என்பதை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறவன். அதையே ஒரு மனிதர் தன் உள்ளங்கையால் தொட்டுப் பார்த்துச் சொன்னபோது என் காதில் விழவில்லை. மாதங்கள் ஆகிவிட்டன. இன்ஜின் இப்போது ஒழுங்காக ஓடுகிறது. ஆனாலும் அந்த மாலையை என்னால் எளிதாகக் கடக்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். பட்டனை அழுத்தியும் சுழலாத இன்ஜினோடு கரையில் நிற்கும் யாருக்காவது இது உதவினால் அதுவும் நல்லது.

தோளுக்காக வந்த பட்டன்

குமரி மாவட்டத்து முட்டம் கலங்கரை விளக்கத்தின் ஒளி எட்டுகிற தூரத்தில் இருக்கிறது எங்கள் கரை. அலைத்தடுப்புச் சுவரோ துறைமுகமோ அங்கே கிடையாது. வள்ளத்தை மணலிலிருந்து தள்ளி, அலை உடைகிற இடத்தைத் தாண்டித்தான் கடலுக்குள் போக வேண்டும். தண்ணீர் போதிய ஆழம் வந்ததும் தூக்கி வைத்திருந்த இன்ஜினை இறக்கி உடனே ஸ்டார்ட் செய்ய வேண்டும். இரண்டு அலைகளுக்கு நடுவே கிடைப்பது சில வினாடிகள்தான். அதற்குள் இன்ஜின் பிடிக்காவிட்டால் அடுத்த அலை வள்ளத்தைக் குறுக்கே திருப்பிவிடும். குறுக்கே திரும்பிய வள்ளத்தை அதற்கடுத்த அலை கவிழ்க்கும். இந்தக் கரையில் பிறந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

இங்கே வள்ளத்தின் பின்னால் வெளியே மாட்டும் பெரும்பாலான வெளிப்பொருத்து இன்ஜின்களை ஸ்டார்ட் செய்யக் கயிறுதான். இழுத்தால் ஃப்ளைவீல் என்ற கனத்த சக்கரம் சுழலும், இன்ஜின் பிடிக்கும். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிக்கொள்வோம். மாமா பதினேழு வயதிலிருந்து கயிறு இழுத்தவர். நாற்பது ஆண்டுகள் இழுத்த பிறகு அவருடைய வலது தோளின் தசைநார் கிழிந்திருப்பதாக ஸ்கேன் சொன்னது. இனி வெட்டி இழுக்கும் வேலை எதுவும் கூடாது என்றார் மருத்துவர். கடலை விடச் சொல்லவில்லை, கயிற்றைத்தான் விடச் சொன்னார். ஆனால் எங்கள் கரையில் இரண்டும் ஒன்றுதான். மாமா இரண்டு மாதம் யோசித்தார். பிறகு அத்தையின் வளையல்களை விற்று, கையிலிருந்ததையும் சேர்த்து, பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகும் நாற்பது குதிரைத்திறன் இன்ஜினை வாங்கினார். கயிறும் அதில் உண்டு. ஆனால் அவர் வாங்கியது பட்டனுக்காக. ஊரில் சிலர் சிரித்தார்கள். உப்புக்காற்றில் கரண்டு நிற்காது என்றார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றும் வலிக்கிறது. பட்டனால்தான் அவரால் தொடர்ந்து கடலுக்குப் போக முடிந்தது.

மின்சார ஸ்டார்ட்டரின் பிறப்புக்கே மனிதனின் கைதான் காரணம் என்பதை அப்போது நினைத்துக்கொண்டேன். தொடக்கக் காலக் கார்களை முன்பக்கம் நின்று இரும்புக் கைப்பிடியால் சுற்ற வேண்டும். இன்ஜின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டோ முன்கையோ முறியும். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்ற பொறியாளர் வடிவமைத்த மின்சார ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் வந்தது. இன்ஜினைச் சுழற்றும் அளவுக்குப் பலமான மின்மோட்டாரைக் காரில் பொருத்த இடம் போதாது என்று பலர் நினைத்திருந்த காலம் அது. ஸ்டார்ட்டர் நாள் முழுவதும் ஓடப்போவதில்லை, சில வினாடிகள் ஓடினால் போதும் என்பதை அவர் பிடித்துக்கொண்டார். சின்ன மோட்டாருக்குள் மிகப்பெரிய மின்னோட்டத்தைச் சில வினாடிகளுக்கு மட்டும் செலுத்தினால் காரியம் முடிந்துவிடும். இன்றுவரை பெரும்பாலான மின்சார ஸ்டார்ட்டர்கள் இப்படித்தான் வேலை செய்கின்றன. பட்டனைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருக்கக்கூடாது, சில வினாடிகள் அழுத்தி, விட்டு, ஆறவிட்டு மறுபடி அழுத்த வேண்டும் என்பதற்கும் இதுதான் காரணம். மாமாவின் இன்ஜினுக்கு வந்த நோயின் வேரும் அந்த 'மிகப்பெரிய மின்னோட்டம்' என்ற இடத்தில்தான் இருந்தது.

டக டக டக

குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. வள்ளங்களுக்குத் தடையில்லை. கடல் கடுமையாக இருக்கும். ஆனால் இறங்க முடிகிற நாட்களில் மீன்பாடு நன்றாகக் கிடைக்கும், விலையும் நிற்கும். கணவாய் மீன் வரும் நாட்கள் இவை. ஆண்டுக் கடனை அடைப்பதும் இந்த இரண்டு மாதத்தில்தான். அந்த நேரம் பார்த்துத்தான் பட்டன் சோர்ந்தது. முதலில், குளிர்ந்த காலைகளில் இன்ஜின் மெதுவாகச் சுழன்றது. பிறகு மழை பெய்த காலைகளில் சுழலவே மறுத்தது. பட்டனை அழுத்தினால் இன்ஜின் மூடிக்குள்ளிருந்து 'டக டக டக' என்று வேகமான சத்தம் மட்டும் வந்தது. ஃப்ளைவீல் அசையவில்லை.

பட்டனுக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டன் நேராக ஸ்டார்ட்டரை இயக்குவதில்லை. பட்டன் வழியாக ஓடுவது சின்ன மின்னோட்டம். அது கியர் நியூட்ரலில் இருந்தால் மட்டும் வழிவிடும் சுவிட்சைக் கடந்து, ரிலேயின் சுருளுக்குப் போகும். மெக்கானிக்குகள் இதைச் சொலினாய்டு என்பார்கள். சுருள் காந்தமாகி, உள்ளே ஒரு தடித்த செம்புத் தகட்டை இழுத்து, இரண்டு பெரிய போல்ட்டுகளை இணைக்கும். 'டக்' என்று கேட்பது அந்தத் தகட்டின் சத்தம். அப்போதுதான் பேட்டரியிலிருந்து தடித்த கேபிள் வழியாக நூறு ஆம்பியர் அளவிலான மின்னோட்டம் ஸ்டார்ட்டருக்குப் பாயும். ஸ்டார்ட்டரின் பல்சக்கரம் எழும்பி ஃப்ளைவீலின் பற்களைக் கவ்விச் சுழற்றும். வேலை முடிந்த மின்னோட்டம் இன்ஜினின் அலுமினிய உடல் வழியாகக் கறுப்புக் கேபிளுக்கு வந்து பேட்டரியின் நெகட்டிவ் முனைக்குத் திரும்பும். போன வழியே முக்கியம், வந்த வழி தானாக நடக்கும் என்று நினைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. நானும் அதையே செய்தேன்.

'டக டக' என்ற சத்தத்தைக் கேட்டால் இந்தத் தொழிலில் இருக்கும் யாரும் முதலில் சொல்வது பேட்டரியைத்தான். தவறில்லை, பெரும்பாலும் அதுதான் காரணம். பலவீனமான பேட்டரியால் ரிலேயின் தகட்டை இழுக்க முடியும். தகடு ஒட்டியதும் ஸ்டார்ட்டர் மின்னோட்டத்தை உறிஞ்ச, வோல்ட் சரிந்துவிடும். ரிலே பிடியை விடும். விட்டதும் வோல்ட் மீளும், மறுபடி இழுக்கும். மெக்கானிக் பழைய பேட்டரியை மாற்றினார். முதல் நாள் ஓரளவு சுழன்றது. மறுநாள் பழைய கதை. அந்தக் கட்டத்தில்தான் மாமா என்னை அழைத்தார், நான் மல்டிமீட்டரோடு போனேன். புதிய பேட்டரி 12.6 காட்டியது. அது முழுதாக ஏறிய பேட்டரியின் எண். 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. பிறகு கறுப்பு முள்ளை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலேயே வைத்துக்கொண்டு, சிவப்பு முள்ளை ரிலேயின் பெரிய போல்ட்டில் வைத்தேன். அங்கும் 12.6. 'இதுவரை கரண்டு வருகிறது, ரிலேயைத்தான் பார்க்க வேண்டும்' என்று நான்தான் சொன்னேன். ரிலேயை மாற்றினார்கள். டக டக டக.

மூன்றாவதாக மெக்கானிக் ஒரு நீளமான ஸ்குரூ டிரைவரை ரிலேயின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கும் குறுக்கே வைத்தார். பொறி பறந்தது. ஸ்டார்ட்டர் முனகியது, சுழலவில்லை. "ரிலேயைத் தாண்டியே கொடுத்துப் பார்த்துவிட்டேன். ஸ்டார்ட்டர் உள்ளே போய்விட்டது" என்றார். இப்படிச் செய்வதை நான் வெறுக்கிறேன். வள்ளத்தில் பெட்ரோல் கேன் இருக்கிறது, பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வருகிறது, நடுவே பொறி. அதோடு கியர் விழுந்திருந்தால், நியூட்ரல் பாதுகாப்பைத் தாண்டிவிட்டதால், இன்ஜின் பிடித்து விசிறி சுழலத் தொடங்கும். பக்கத்தில் நிற்பவரின் காலை யார் காப்பது? ஆபத்து ஒருபுறம் இருக்க, அந்தச் சோதனை சொன்ன பதிலும் அரைகுறை. ஸ்குரூ டிரைவர் தாண்டிச் சென்றது சிவப்புப் பக்கத்தின் ஒரு புள்ளியை மட்டும். கறுப்புப் பக்கம் அப்படியே இருந்தது. ஸ்டார்ட்டரைக் கழற்றி, கரையில் வைத்து, நல்ல கேபிள்களால் பேட்டரியோடு நேராக இணைத்திருந்தால் அது துள்ளிச் சுழன்றிருக்கும். கழற்றும் நேரம் ஒரு மணிக்குள். சீசனில் எட்டு இன்ஜின்கள் வரிசையில் கிடக்கும்போது அந்த ஒரு மணி நேரம் யாருக்கும் கிடைப்பதில்லை. அந்த மெக்கானிக்கை நான் குறை சொல்ல மாட்டேன். என்னிடம் நேரமும் படிப்பும் இருந்தன. நானும் தலையாட்டினேன்.

புதிய ஸ்டார்ட்டரின் விலையைக் கேட்டதும் மாமா எதுவும் பேசவில்லை. பேட்டரிக்கும் ரிலேக்கும் கொடுத்தது போக, மிச்சம் வட்டிக்குத்தான் வாங்க வேண்டும். நாகர்கோவிலில் சொல்லி வைத்தோம், வருவதற்கு ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அந்த வாரம் முழுவதும் கூட வரும் பையன் கயிறு இழுத்தான். ஐந்தாம் நாள் விடியற்காலை, அலை வாயில் நிற்கும்போது, அவன் கால் வழுக்கி உள்ளே விழுந்தான். அலை எழுந்து வருவதைப் பார்த்த மாமா கயிற்றைப் பிடித்து இழுத்தார். இன்ஜின் முதல் இழுப்பிலேயே பிடித்துவிட்டது, வள்ளம் அலையைத் தாண்டிவிட்டது. பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாமாவால் அன்று மாலை சோற்றைப் பிசைய முடியவில்லை. இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிட்டார். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

உள்ளங்கையின் வாசிப்பு

அன்றிரவு தூக்கம் வரவில்லை. மாமாவின் கையையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கை என்னென்ன செய்தது என்று ஒவ்வொன்றாக வந்தது. அதில் ஒன்றாகத்தான் அந்த மாலையும் வந்தது. கேபிளைக் கழற்றிக்கொண்டே, கறுப்பு சுடுகிறது, சிவப்பு சுடவில்லை என்றார். எழுந்து உட்கார்ந்தேன். ஒரே மின்னோட்டம்தான் சிவப்பில் போய்க் கறுப்பில் திரும்புகிறது. இரண்டும் ஒரே தடிமன், ஒரே நீளம். அப்படியிருக்க ஒன்று மட்டும் சுடுகிறது என்றால் அதில் மட்டும் தடை இருக்கிறது. வேறு விளக்கமே கிடையாது. முதல் ஆண்டு மாணவன் சொல்லக்கூடிய பதில். அவர் எனக்கு நோயின் பெயரையும் இடத்தையும் சேர்த்தே சொல்லியிருந்தார்.

அப்படியானால் 12.6 எங்கிருந்து வந்தது? இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் ஏமாந்தது இங்கேதான். மல்டிமீட்டர் வோல்ட்டை அளக்கும்போது மைக்ரோ ஆம்பியர் அளவுக்குத்தான் மின்னோட்டத்தை எடுக்கிறது. ஒரு கேபிளில் நூற்றுக்கணக்கான இழைகள் அறுந்து ஒரே ஓர் இழை மிச்சமிருந்தாலும் அந்தத் துளி மின்னோட்டத்துக்கு அது தாராளம். எனவே முழு வோல்ட்டையும் காட்டும். ஜெர்மன் இயற்பியலாளர் ஓம் 1827இல் வெளியிட்ட விதி இதற்குப் போதும்: மின்னோட்டத்தைத் தடையால் பெருக்கினால் வருவதுதான் வோல்ட் இழப்பு. ஒரு மோசமான இணைப்பில் 0.1 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். அதில் மீட்டரின் மின்னோட்டம் ஓடினால் இழப்பு கண்ணுக்கே தெரியாது. 3 ஆம்பியர் எடுக்கும் ஒரு பல்பை எரித்துப் பார்த்தால் இழப்பு 0.3 வோல்ட், பல்பு பளிச்சென்று எரியும், எல்லாம் சரி என்று தோன்றும். ஸ்டார்ட்டர் 100 ஆம்பியர் கேட்கும்போது அந்த 0.1 ஓம் மட்டுமே 10 வோல்ட்டை விழுங்கப் பார்க்கும். பேட்டரியிடம் இருப்பதோ பன்னிரண்டரை. ஸ்டார்ட்டருக்கு என்ன மிஞ்சும்? சும்மா இருக்கும்போது எடுத்த அளவு, பளு விழும்போது நடப்பதைச் சொல்லாது. போதாக்குறைக்கு, நான் கறுப்பு முள்ளை எப்போதும் பேட்டரி முனையிலேயே வைத்திருந்தேன். கறுப்புக் கேபிள் என் அளவைக்குள் வரவே இல்லை. அதைச் சோதிக்காமலே அதற்கு நற்சான்று கொடுத்திருந்தேன்.

விடிந்ததும் வீட்டிலிருந்த பழைய பைக்கின் முகப்பு விளக்குப் பல்பை எடுத்துக்கொண்டேன். 35 வாட். இரண்டு முழ வயர்களை அதில் பற்றவைத்தேன். மீட்டரையும் எடுத்துப் போனேன், ஆனால் ரிலே துடிக்கும்போது எண்கள் தாவும், மாமாவால் அதைப் படிக்க முடியாது. விளக்கை யாரும் படிக்கலாம். கரையில் முதலில் பெட்ரோல் கேனை இறக்கித் தள்ளி வைத்தோம். கியரை நியூட்ரலில் வைத்து, அவசர நிறுத்தக் கயிற்றின் கிளிப்பைக் கழற்றினோம். மாமாவின் இன்ஜினில் கிளிப் இல்லாவிட்டால் பற்றவைப்புதான் நிற்கும், ஸ்டார்ட்டர் சுழலும், எனவே சோதனைக்கு அது பாதுகாப்பு. எல்லா இன்ஜினிலும் இப்படி இருக்காது, சிலவற்றில் ஸ்டார்ட்டரும் சேர்ந்து நின்றுவிடும். பிறகு பல்பின் ஒரு வயரைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையில், ஈயத்திலேயே வைத்தேன். கவ்வியில் வைக்கக்கூடாது. மறு வயரை இன்ஜின் உடலில், பெயின்ட் சுரண்டிய ஒரு போல்ட்டில் வைத்தேன். அதாவது கறுப்புக் கேபிளின் இரு முனைகளிலும் பல்பின் இரு கால்கள். கேபிள் நல்லதென்றால் அதன் இரு முனைகளுக்கும் இடையே வோல்ட் வேறுபாடு இருக்காது. பல்பு எரிய வழியே இல்லை. "இப்போது அழுத்துங்கள் மாமா" என்றேன். இடது கையால் அழுத்தினார். டக டக டக. பல்பு மின்னி மின்னி எரிந்தது.

அந்த நேரத்தை எப்படிச் சொல்வது? எரியக் கூடாத ஒரு விளக்கு, விடியல் மங்கலில், மாமாவின் முகத்தில் வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தது. அவர் விரலை எடுத்தார், அணைந்தது. மறுபடி அழுத்தினார், எரிந்தது. மூன்றாவது முறை அழுத்திவிட்டுக் கறுப்புக் கேபிளின் லக்கை, அதாவது முனையில் மாட்டியிருக்கும் உலோக வளையத்தைத் தொட்டார். "சுடுகிறது" என்றார். பெருமையாகச் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. முதல் நாள் சொன்ன அதே குரல். காரிலிருந்து ஜம்பர் கேபிளைக் கொண்டுவந்து, பேட்டரியின் நெகட்டிவிலிருந்து இன்ஜின் உடலுக்கு இணையாகக் கொடுத்தேன். மாமா அழுத்தினார். இன்ஜின் சுழன்றது. பதினாறு நாள் ஊமையாகக் கிடந்த ஸ்டார்ட்டர், 'போய்விட்டது' என்று தீர்ப்பு எழுதப்பட்ட ஸ்டார்ட்டர், ஃப்ளைவீலைத் தூக்கிச் சுழற்றியது.

ரிலே ஏன் துடித்தது என்பதும் அப்போது விளங்கியது. ரிலேயின் சுருளில் ஓடும் மின்னோட்டமும் திரும்புவது இன்ஜின் உடல் வழியாகத்தான். தகடு ஒட்டி, ஸ்டார்ட்டருக்கு மின்னோட்டம் பாய முயன்றதும், திரும்பும் வழி அடைபட்டதால் இன்ஜின் உடலின் வோல்ட்டே உயர்ந்துவிடுகிறது. சுருளுக்குக் கிடைத்த வேறுபாடு குறைந்து, பிடி விட்டுப்போகிறது. பலவீனமான பேட்டரி எழுப்பும் அதே சத்தத்தை, நல்ல பேட்டரியோடு சேர்ந்த கெட்ட நெகட்டிவ் கேபிளும் எழுப்பும். சத்தத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. பளுவோடு சோதித்தால்தான் பிரியும்.

வெட்டிப் பார்த்தபோது

கேபிளைக் கழற்றி, பேட்டரிப் பக்க லக்குக்கு மேலே உறையைக் கீறினேன். வெளியே பார்க்க ஒரு குறையும் இல்லை. உள்ளே செம்பு இல்லை, பச்சைத் தூள் இருந்தது. விரலால் தட்டியதும் கொட்டியது. நான்கைந்து இழைகள் மட்டும் கறுத்துப்போய் ஒட்டிக்கொண்டிருந்தன. லக்கிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குச் செம்பு கறுத்திருந்தது. உப்புநீர் இழைகளுக்கு இடையே, திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஏறியிருக்கிறது.

ஏன் அந்த முனை மட்டும்? எங்கள் கரையின் வழக்கத்தில் அதற்குப் பதில் இருக்கிறது. திறந்த கரையில் இன்ஜினை விட்டுவிட்டு யாரும் வீட்டுக்குப் போவதில்லை. எழுபது கிலோவைத் தாண்டும் இன்ஜினைக் கம்பில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு போய் அறையில் வைப்பார்கள். பேட்டரி வீட்டுக்குப் போகும். அப்படியென்றால் ஒவ்வொரு நாளும் கேபிளைக் கழற்ற வேண்டும், மாட்ட வேண்டும். மாமா எப்போதும் கறுப்பை முதலில் கழற்றி, மடக்கி ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் சிவப்பில் கை வைப்பார். அது சரியான முறை. தவறி ஸ்பேனர் இன்ஜினில் பட்டாலும் பொறி வராது. அந்தச் சரியான முறையே கறுப்பு லக்கின் கழுத்தை நாள்தோறும் இரண்டு முறை வளைத்திருக்கிறது. கழுத்தில் உறை விரிசல் விட்டிருக்கிறது, உப்பு நுழைந்திருக்கிறது. இன்ஜினை வடிவமைத்தவர்கள் படகிலேயே நிரந்தரமாக இருக்கும் பேட்டரியை மனதில் வைத்திருப்பார்கள். தினமும் வீட்டுக்குப் போய்வரும் பேட்டரியை நினைத்திருக்க வாய்ப்பில்லை.

புதிய கேபிளை நானே செய்தேன். சாதாரணக் கார் கேபிளில் செம்பு வெறுமையாக இருக்கும். படகுக்கான கேபிளில் ஒவ்வொரு இழைக்கும் வெள்ளீயம் பூசியிருக்கும், அதுதான் வேண்டும். லக்கைச் சுத்தியலால் தட்டி நசுக்காமல் அழுத்தும் கருவியால் இறுக்கி, உள்ளே பசை உள்ள சுருங்குக் குழாயைச் சூடுகாட்டி மூடினேன். தினமும் வளைகிற தொல்லைக்காக, பேட்டரி முனையில் ஒரு முழ நீளக் குட்டிக் கேபிளைத் தனியாக வைத்துவிட்டேன். அது கெட்டால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், வளைவது முழுவதும் அதன் தலையில்தான். கையால் திருகும் விங் நட்டை எறிந்துவிட்டு, ஸ்பேனரால் இறுக்கும் நட்டும் ஸ்பிரிங் வாஷரும் போட்டேன். முனைகளில் படிந்திருந்ததை ஆப்பச்சோடா கரைத்த நீரால் கழுவி, காயவைத்து, இறுக்கிய பிறகு மேலே வாஸ்லைன் தடவினேன். செலவானது புதிய ஸ்டார்ட்டரின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நாகர்கோவிலுக்கு ஃபோன் செய்து ஸ்டார்ட்டர் வேண்டாம் என்று சொன்னபோது, மாமா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு இதே புகாரோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, என்ன சத்தம் வருகிறது என்பதைத்தான். சத்தமே இல்லையா, அப்படியானால் பட்டன், பியூஸ், நியூட்ரல் சுவிட்ச் இருக்கும் சின்ன வழியைப் பார்க்க வேண்டும், பெரிய கேபிள்களைத் தொட வேண்டாம். ஒரே ஒரு 'டக்' என்றாலும் தொடர்ந்த 'டக டக' என்றாலும் சின்ன வழி வேலை செய்கிறது, பெரிய வழியில்தான் தடை. ஸ்டார்ட்டர் மட்டும் விர்ரென்று சுற்றி ஃப்ளைவீல் அசையாமல் நின்றால் பல்சக்கரம் எழும்பும் தண்டில் காய்ந்த கிரீஸும் உப்பும் இறுகியிருக்கும், கழுவினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பெரிய வழி என்று தெரிந்தால், பட்டனை அழுத்தியபடியே பேட்டரியின் இரு முனைகளில் அளக்க வேண்டும். 9.6க்குக் கீழே சரிந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். சரியவில்லை என்றால் ஒவ்வொரு கேபிளின் இரு முனைகளுக்கும் நடுவே அளக்க வேண்டும், அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்தக் கேபிள்தான் குற்றவாளி. இத்தனைக்கும் கால் மணி நேரம் போதும். இந்தக் கால் மணி நேரம் தவறுவதால் எங்கள் கரையில் நல்ல ஸ்டார்ட்டர்கள் கழற்றி எறியப்படுகின்றன. அவற்றுக்குப் பதிலாக வளையல்கள் போகின்றன. இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. சோதிப்பதற்குக் கூலி கேட்க மெக்கானிக்குகள் கூச்சப்படுகிறார்கள், கொடுக்க நாமும் தயங்குகிறோம். பொருளை மாற்றினால்தான் வேலை செய்ததாக இரு தரப்பும் நினைக்கிறோம். கண்டுபிடிப்பதற்கு என்று தனியாகக் கூலி கொடுக்கும் பழக்கம் எங்கள் கரையில் வர வேண்டும். நான் இதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

அந்தப் பல்பை மாமா திருப்பித் தரவில்லை. பழைய பற்பசை டப்பா ஒன்றில் துணி சுற்றி, பேட்டரிப் பெட்டியிலேயே வைத்திருக்கிறார். தோள் முழுதாகக் குணமாகவில்லை, ஆனால் ஆடி முடிவதற்குள் கடலுக்குப் போய்விட்டார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கரைக்கு வந்தபோது, பக்கத்து வள்ளக்காரர் மாமாவைத் தேடிக்கொண்டிருந்தார். அவரும் இப்போது பட்டன் இன்ஜின் வாங்கியிருக்கிறார். அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை, பேட்டரியை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். மாமா டப்பாவோடு வந்தார். நானும் போனேன், ஆனால் வாயைத் திறக்கவில்லை. மாமா பட்டனை அழுத்தச் சொல்லி, மூடியின் மேல் காதை வைத்துக் கேட்டார். சத்தமே இல்லை. "கரண்டு ஓடவே இல்லை. விளக்கை வைத்து என்ன பயன்" என்று டப்பாவை இருக்கையில் வைத்துவிட்டார். கியர் நெம்புகோலைப் பிடித்து, நியூட்ரலில் இருந்ததையே முன்னும் பின்னுமாக லேசாக அசைத்து, "இப்போது அழுத்து" என்றார். ஒருமுறை ஒன்றுமில்லை. இன்னும் ஒரு நூல் அசைத்தார். இன்ஜின் சுழன்றது. நியூட்ரல் சுவிட்சின் இடம் விலகியிருந்தது. அதைத் திருகிச் சரிசெய்யும் இடத்தைக் காட்டிவிட்டு, எழுந்திருக்கும் முன், மாமா பேட்டரிப் பக்கம் குனிந்து ஒரு கையைச் சிவப்பிலும் மறு கையைக் கறுப்பிலும் வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

"இரண்டும் குளிர்ச்சியாக இருக்கிறது மக்கா" என்றார் என்னிடம்.